வழி விடும் மாப்பிள்ளை

என் தங்கை புருஷனுக்குப் படகுக் கிளப்பில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. ‘நீங்க போங்க.’ அதை யாராவது என் காது படச் சொன்னால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். ஆனால் பொய் சொல்வானேன், தனியாக இருக்கும்போது நானே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பெயரை அவர் உழைத்துத்தான் சம்பாதித்தார். கதவு என்று ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர்கள் குடியிருப்பது ஆறாவது மாடி. காலையில் லிஃப்ட் வந்ததும் கதவைக் கையால் தடுத்துக்கொண்டு, “நீங்க போங்க, நீங்க போங்க” என்று பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களுடைய நாய், குப்பை கொண்டுபோகிற ஆள் எல்லாரையும் உள்ளே அனுப்புவார். கடைசியில் அவருக்கு இடம் இருக்காது. ஆறு மாடியும் படியிறங்கி வருவார், சிரித்துக்கொண்டே. குறுகலான பாலத்தில் கார் ஓட்டினால் எதிரே வருகிற கடைசி வண்டிவரை விட்ட பிறகுதான் நகருவார். ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். பதினேழு வண்டி. பதினெட்டாவதாக ஒரு சைக்கிள் வந்தது, அதற்கும் கையசைத்தார்.

நான் இதற்கு நேர்மாறு. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துக்கொண்டு வரும் படகின் எஞ்சின் அறையில் இருபத்தாறு வருடம் கிடந்தவன். அந்தச் சத்தத்தில் மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது, அதனால் மெதுவாகப் பேசும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிற்று. ஆனாலும் அவர் என் தங்கை புருஷன். அவரை விட எட்டு வயது மூத்தவன் என்றாலும் ‘மாப்பிள்ளை’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். வாய்வரை வந்த வசவை எத்தனை தடவை விழுங்கியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகு கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் மீட்புப் படகு ஓட்டுகிறேன். பொழுதுபோக்குக்குப் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் கவிழ்ந்தால் தூக்கிவிடுவது, தரைதட்டினால் இழுத்துவிடுவது, இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் போய் நிற்பது. இதுதான் வேலை. வாரம் ஆறு நாள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு மாலுமிகளாகிவிடுவார்கள். ஒரு ஆடிட்டர், கயிற்றை ஷூ நாடா மாதிரி முடிச்சுப் போடுவார். அவிழ்க்க என் கத்திதான் வரவேண்டும். ஒரு தம்பதி, கப்பல் போகும் பாதைக்கு நட்டநடுவில் நங்கூரம் போட்டுவிட்டு ரொட்டியும் பழமும் சாப்பிடுவார்கள். சரக்குக் கப்பல் ஊதினால் அதற்கு டாட்டா காட்டுவார்கள். பாய் விரித்த படகுக்கு உலகமே ஒதுங்க வேண்டும் என்பது இவர்கள் எல்லாருடைய நம்பிக்கை.

அதிலும் பல் டாக்டர் தனி ரகம். பாய்மரப் படகுகளில் ஒரு விதி இருக்கிறது. காற்று உங்கள் வலப்பக்கத்திலிருந்து வந்தால் வழி உங்களுக்கு. இடப்பக்கத்திலிருந்து வந்தால் நீங்கள் ஒதுங்க வேண்டும். இரண்டு படகுகள் குறுக்கே சந்திக்கும்போது வழி உள்ளவன் “ஸ்டார்போர்டு” என்று ஒரு குரல் கொடுப்பான். எனக்கு வலப்பக்கக் காற்று, நீ விலகு என்று அர்த்தம். பல் டாக்டர் காற்று எந்தப் பக்கம் இருந்தாலும் “ஸ்டார்போர்டு” என்றுதான் கத்துவார். வாயைத் திற என்று சொல்லிச் சொல்லிப் பழகின குரல், துறை முழுக்கக் கேட்கும். புதியவர்கள் பயந்து விலகிவிடுவார்கள். இவரைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும்.

இந்தக் கூட்டத்துக்குள் என் மாப்பிள்ளை எப்படி வந்தார் என்றால், தங்கை இழுத்துக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளை ஐந்து பிள்ளைகளில் நாலாவது. இரண்டு அறை, ஒரு குளியலறை உள்ள வீட்டில் வளர்ந்தவர். தினமும் கடைசியாகக் குளித்துக் கடைசியாகப் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். படிப்பு முடிந்ததும் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தார். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் கண் பரிசோதிக்கிறார். வருகிறவர்களின் மூக்கில் வட்டச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, “இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா?” என்று கேட்பார். நாள் முழுக்க அடுத்தவர் விருப்பத்தைக் கேட்கிற வேலை, அவருக்கென்றே செய்து வைத்த மாதிரி. என் தங்கையும் அப்படிக் கண்ணாடி போட வந்தவள்தான். அவள் என் ரத்தம். “இதுவும் சரியில்ல, அதுவும் சரியில்ல” என்று நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அவர் முகம் சுளிக்காமல் பெட்டியில் இருந்த வில்லைகள் அத்தனையும் போட்டுக் காட்டினார். எட்டு மாதத்தில் கல்யாணம்.

தங்கை திரைச்சீலை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவள். அவளுக்கு மதிய ஷிப்ட். அவர் காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் வேலை முடிந்து வரும்போது அவர் தூங்கியிருப்பார். பிள்ளைகள் இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் துண்டுச் சீட்டுகளில்தான் பாதிக் குடித்தனம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் படகில் போவதுதான் அவர்கள் இருவரும் விழித்துக்கொண்டு ஒன்றாக இருக்கும் நேரம். பழைய இரண்டு பேர் படகு ஒன்றைத் தேடிப் பிடித்து, மரத்தைத் தேய்த்து வர்ணம் பூசினார்கள். அவர் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பார். அவள் முன்னால் உட்கார்ந்து முன்பாயின் கயிற்றைப் பிடிப்பாள். திரும்பி வரும்போது இரண்டு பேர் முகமும் வெயிலில் சிவந்திருக்கும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வருவார்கள். அவர்களைக் கரையிலிருந்து பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஓட்டுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. காற்று பலமாக வரும் பக்கம் தண்ணீர் கறுப்பதை மற்றவர்களுக்கு முன்னால் பார்த்துவிடுவார். முடிச்சு போட்டால் அளந்து போட்ட மாதிரி இருக்கும். ஆனால் எதிரே இன்னொரு படகு வந்துவிட்டால் போதும், லிஃப்ட் கதவைப் பிடித்த கை சுக்கானைத் திருப்பிவிடும். வழி தன்னுடையதாக இருந்தாலும் “நீங்க போங்க” என்று சைகை காட்டி ஒதுங்குவார். போட்டிகளில் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது வந்தவர்களை எல்லாம் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக வருவார். எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதனால் அது தப்பு என்று யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மாப்பிள்ளையாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்டார்போர்டு விதியின் இன்னொரு பாதி இதுதான். வழி உள்ளவன் தன் போக்கை மாற்றக் கூடாது. அதே திசை, அதே வேகம். அவன் நேராகப் போவான் என்று நம்பித்தான் மற்றவன் விலகுகிறான். வழி உள்ளவனுக்கு அது ஒரு சலுகை என்று கிளப்பில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அவன் தலையில் விழுந்த பொறுப்பு.

போன வருடம், காற்று கொஞ்சம் பலமாக இருந்த ஒரு காலை. மாப்பிள்ளைக்கு வலப்பக்கக் காற்று, வழி அவருடையது. எதிரே குறுக்காகப் பல் டாக்டர் வந்தார். தங்கை முன்பாய்க்கு அடியில் குனிந்து, படகின் இடது விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “வர்றார்” என்றாள். பல் டாக்டர் வழக்கம்போல் கத்தினார். ஆனால் கத்திக்கொண்டே, ஆச்சரியமாக, விதிப்படி மாப்பிள்ளையின் பின்பக்கமாகப் போவதற்குப் படகைத் திருப்பினார். அதே நொடியில் மாப்பிள்ளையும் மரியாதையாக அவருடைய பின்பக்கமாகப் போவதற்குத் திருப்பினார். நடைபாதையில் எதிரும் புதிருமாக வரும் இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அதே மாதிரி. பல் டாக்டரின் படகு முனை தங்கையின் கை இருந்த இடத்தில் வந்து இடித்தது.

நான் எஞ்சினை முழு வேகத்தில் விட்டுக்கொண்டு போனேன். பல் டாக்டரை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. கிட்டே போனதும் என்ன நடந்தது என்பது எனக்கே புரிந்துவிட்டது. அந்த மனிதர் வெளுத்துப்போன முகத்துடன், “நான் விலகத்தானே செஞ்சேன். அவர் ஏன் திரும்பினார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் செய்தது சரி. மாப்பிள்ளை தங்கையின் கையைத் தன் தொப்பிக்குள் வைத்துப் பிடித்திருந்தார்.

நடுவிரலும் மோதிர விரலும் முறிந்திருந்தன. துணி வெட்டுகிறவளின் வலது கை. ஏழு வாரம் கட்டு. பட்டறையில் அவள் வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள், கத்தரிக்கோலும் கைக்கு வந்தது. மோதிர விரல் மட்டும் லேசாகக் கோணிக்கொண்டது. மாப்பிள்ளை தலை வாரிவிட்டார், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார், ஒரு மாதம் லீவு எடுத்தார். அவள் அவர் மேல் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கட்டு அவிழ்த்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் படகுக் கொட்டகைச் சாவியை எடுத்தபோது, அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாளாம்: “நீங்க எதிர்ல வர்ற படகைப் பாக்கறதில்ல. அதுல இருக்கறவங்க மூஞ்சியப் பாக்கறீங்க. என் கை எங்க இருக்குன்னு பாக்கல.”

அதற்குப் பிறகு அவள் படகில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் சமையலறையைத் துடைத்துக்கொண்டிருப்பார், அவள் துணி மடித்துக்கொண்டிருப்பாள். சண்டை எதுவும் கிடையாது. ஒரு நாள் போனேன், இரண்டு பேரும் என்னிடம் மாறி மாறிப் பேசினார்கள், ஒருவருக்கொருவர் பேசவில்லை. படகு போனால் போகட்டும். இந்த இரண்டு பேரும் இப்படியே துண்டுச் சீட்டில் வாழ்ந்து முடித்துவிடுவார்களோ என்றுதான் பயந்தேன்.

கிளப்பிலிருந்து கடிதமும் வந்தது. செயலாளர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்த அம்மா. யாருக்கும் எந்தச் சலுகையும் காட்டமாட்டார். தண்ணீரில் ஒரு பரிசோதனை, மூன்று முறை குறுக்கே சந்திக்க வேண்டும், விலக வேண்டிய இடத்தில் விலகி, விலகக் கூடாத இடத்தில் விலகாமல் இருந்து காட்டினால் ஒழிய இனி சுக்கான் பிடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். மாப்பிள்ளை கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

“அவங்க சொல்றது நியாயம்தான் மச்சான். நான் விட்டுடறேன்” என்றார்.

“இதையும் விட்டுக்கொடுக்கறீங்களா?” என்றேன்.

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். “அவ வந்து முன்னாடி உக்காந்தா போதும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு” என்றார்.

அப்படியானால் பழக வேண்டியதுதான் என்று நானே இறங்கினேன். கடை சாத்தின பிறகு, கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் இருக்கும் சந்தில் அவரை நிறுத்தினேன். நான் எதிரே நடந்து வருவேன், அவர் ஒதுங்காமல் நேராக வரவேண்டும். அவ்வளவுதான். பன்னிரண்டு தடவை நடந்தோம். பன்னிரண்டு தடவையும் அவர் ஒதுங்கினார். பதின்மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நேராக வந்தார், கடைசி அடியில், “மன்னிச்சுக்குங்க மச்சான்” என்று பக்கவாட்டில் திரும்பி அலமாரியில் இடித்தார். முப்பது சட்டங்கள் தரையில் விழுந்தன. பொறுக்கி அடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைகளில் ‘மாப்பிள்ளை’ என்பது மட்டும்தான் அச்சில் வரக்கூடியது.

அடுத்த வாரம் நான் போனபோது அவரே கோபமாக இருந்தார். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, அதனால் முதலில் உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். விஷயம் என்னவென்றால், ஒரு பள்ளி ஆசிரியை, தங்கமான மனுஷி, புதுக் கண்ணாடி போட்டு இரண்டு வாரமாகத் தலைவலியில் துடித்திருக்கிறார். திரும்பப் பரிசோதித்தால் வில்லையின் அளவே தப்பு.

“எப்படித் தப்பாகும்? நான் ஒவ்வொண்ணா கேட்டேனே” என்றார் மாப்பிள்ளை. “அவங்களுக்கு ரெண்டுமே சரியாத் தெரியல. திரும்பத் திரும்பக் கேக்கறனேன்னு எனக்காகப் பாவம் பாத்து, ‘இதுவே நல்லா இருக்கு’ன்னு சொல்லியிருக்காங்க. மரியாதைக்கு. அவங்க சொன்னத நம்பித்தானே மச்சான் நான் கண்ணாடி போட்டேன்? தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டாமா? அவங்க மரியாதைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?”

நான் எதுவும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அதுதான். அவர் கையில் இருந்த துடைக்கும் துணியை மேஜை மேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, “டாக்டர் விலகிட்டுத்தான் இருந்தார், இல்ல?” என்று கேட்டார்.

“ஆமா.”

“நான் போற வழியில போவேன்னு நம்பித்தான் அவர் திருப்பினார்.”

“ஆமா மாப்பிள்ளை.”

“நான் அவருக்குத் தப்பான பதில் சொல்லிட்டேன்” என்றார்.

பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள். எதிர்ப் படகு பல் டாக்டருடையது. அவர் தானாகவே முன்வந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக்கு முன்னால் உட்கார ஆள் வேண்டும். ஆடிட்டர் வருகிறேன் என்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நான் மீட்புப் படகுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, படகுத்துறையின் மரப்பலகைகளில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை. மிதவைச் சட்டை போட்டு, வார்களை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். “நீ வரவேண்டாம். முதல்ல நான் பாஸ் பண்ணிடறேன்.”

“நீங்க பாஸ் பண்ணின பிறகு வந்து உக்கார்றதுல என்ன இருக்கு?” என்றாள். ஆடிட்டரைப் பார்த்து, “அண்ணே, நீங்க கரையில இருங்க” என்றாள். அவர் தன் கையுறைகளைக் கழற்றிக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. இன்று இவர் ஒரு தடவை கையை ஆட்டி ஒதுங்கினால் முடிந்தது. அவள் மறுபடி எந்தக் காலத்திலும் ஏறமாட்டாள். என் தங்கையை எனக்குத் தெரியும்.

செயலாளர் அம்மா என்னுடைய படகில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்தார். முதல் சந்திப்பில் மாப்பிள்ளைக்கு இடப்பக்கக் காற்று, அவர்தான் விலக வேண்டும். தூரத்திலேயே, பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல், நன்றாகத் திருப்பி டாக்டரின் பின்பக்கமாகப் போனார். அம்மா ஒரு கோடு போட்டார். இரண்டாவதில் வழி அவருடையது. டாக்டர் சீக்கிரமே விலகிவிட்டார், இவரும் நேராகப் போனார். இரண்டாவது கோடும் விழுந்தது.

“மூணாவதுல டாக்டரைக் கடைசி வரைக்கும் விலகாம வரச் சொல்லியிருக்கேன்” என்றார் அம்மா, குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே. “மூணு படகு நீளம் இருக்கும்போதுதான் திருப்புவார்.”

“என் தங்கச்சி உக்காந்திருக்காம்மா அதுல” என்றேன்.

“தெரியும். நேத்து அவங்களே வந்து கேட்டாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன். டாக்டர் லேட்டாத்தான் திருப்புவார்னு உங்க தங்கச்சிக்குத் தெரியும். உங்க மாப்பிள்ளைக்குத்தான் தெரியாது.”

எஞ்சினின் பிடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைக்கு வலப்பக்கக் காற்று. டாக்டர் குறுக்கே வந்தார், துறையே அதிரக் கத்திக்கொண்டு. பத்துப் படகு நீளம். எட்டு. தங்கை முன்பாய்க்கு அடியில் குனிந்தாள். அவள் வலது கை இடது விளிம்பில், அதே இடத்தில் இருந்தது. டாக்டர் திருப்பவில்லை. ஆறு. தெரிந்து வந்தவள்தான், எல்லாம் கேட்டுக்கொண்டு ஏறினவள்தான். ஆனாலும் அந்த முனை நேராக வருவதைப் பார்த்ததும் அவள் குரல் உடைந்ததை நான் கேட்டேன்.

“திரும்பல அவர். விலகிடுங்க. விலகிடுங்கன்னா.”

பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவள் கேட்டு அவர் மறுத்தது ஒன்றுகூடக் கிடையாது. பாலத்தில் முன்பின் தெரியாதவனுக்கு வழி விடுகிறவர், அவளுக்கு விடமாட்டாரா? முடிந்தது என்று நான் எஞ்சினை முறுக்கினேன்.

“இல்ல” என்றார் மாப்பிள்ளை. சத்தமாகக் கூட இல்லை, தண்ணீரின் மேல் தெளிவாகக் கேட்டது. “கைய உள்ள எடு. நான் நேரா போறேன்.”

அவர் டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தார், அது உள்ளே வந்ததைப் பார்த்தார், பிறகு பாயைப் பார்த்தார். சுக்கான் அசையவில்லை. நாலு. மூன்று. டாக்டரின் படகு அப்படியே சாய்ந்து திரும்பி அவர்களுடைய பின்பக்கமாக, நுரை இவர் முதுகில் தெறிக்க, கடந்து போனது. போகிற போக்கில் டாக்டர் எதுவும் கத்தவில்லை. அம்மா மூன்றாவது கோட்டைப் போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன், அம்மா நம்பவில்லை.

இதோடு மாப்பிள்ளை மாறிவிட்டார், கடையில் முதலாளியிடம் குரல் உயர்த்துகிறார், வரிசையில் முண்டியடிக்கிறார் என்றெல்லாம் நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். பரிசோதனை முடிந்து வரும்போது கிளப் வாசலில் எல்லாருக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். பல் டாக்டருக்கும் பிடித்தார்.

ஆனால் அதற்கு முன்னால் படகைத் துறையில் கட்டும்போது நான் கயிற்றை வாங்க நின்றிருந்தேன். இரண்டு பேரும் இன்னும் இறங்கவில்லை. தங்கை தன் கையை மடியில் வைத்து, கோணின விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது, வெயிலா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

“எனக்கு முதல் தடவையா இல்லைன்னு சொன்னீங்க” என்றாள்.

“மன்னிச்சுக்கோ” என்றார் அவர்.

“மன்னிப்பு எதுக்குக் கேக்கறீங்க? நீங்க அப்படிச் சொன்ன உடனே என் பயம் நின்னுடுச்சு.” முன்பாயின் கயிற்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். “அடுத்த ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்குக் கிளம்பறோம்?”